கரோல்பாக்: வாடகைக்கு இருந்த ஊர்

தில்லித் தமிழர்கள் இரண்டு பேர் புதிதாகச் சந்தித்துக்கொண்டால் பேச்சு ஒரே வழியில்தான் போகும். முதலில் "சொந்த ஊர் எது?" அடுத்தது, "இங்கே எங்கே இருக்கீங்க?" மயூர் விஹார், ஜனக்புரி, துவாரகா, நொய்டா என்று ஏதாவது ஒரு பதில் வரும். மூன்றாவது கேள்விதான் ருசியானது. "அதுக்கு முன்னாடி?" வயதில் மூத்தவராக இருந்தால், இரண்டு மூன்று 'அதுக்கு முன்னாடி' கடந்து பெரும்பாலும் கரோல்பாகில் வந்து நிற்பார். "அட, நாங்களும் கரோல்பாக்தான். எந்தத் தெரு?" என்று அப்போதுதான் பேச்சே சூடு பிடிக்கும்.

இப்படி எல்லோரும் சொந்தம் கொண்டாடுகிற அந்தப் பேட்டையில் நம்மவர்களில் மிகப் பலருக்குச் சொந்தமாக ஒரு செங்கல்கூட இருந்ததில்லை. ஏறக்குறைய எல்லோருமே குடக்கூலிக்கு இருந்தவர்கள். ஒரு பேட்டை எப்படி உருவானது, யார் வந்தார்கள், யார் போனார்கள், நாம் ஏன் அங்கே போனோம், ஏன் விட்டு வந்தோம் என்பதை வரிசைப்படுத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். வாடகைக்கு இருந்தவர்கள் ஒரு நகரத்தில் எதை விட்டுச் செல்கிறார்கள் என்ற கேள்விக்கும் அதில் விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

பெயர்த்து நட்ட பேட்டை

1911 டிசம்பர் 12 அன்று தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று அறிவித்தார். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தில்லியின் ஜனத்தொகை 4 லட்சத்து 14 ஆயிரத்துக்குள்தான். ரைசினா குன்றைச் சுற்றிப் புது நகரம் எழும்பத் தொடங்கியதும், அங்கே ஏற்கனவே குடியிருந்தவர்களை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. இன்று கன்னாட் பிளேஸ் இருக்கும் இடத்தில் மாதோகஞ்ச், ஜெய்சிங்புரா, ராஜா கா பஜார் என்ற ஊர்கள் இருந்தன. 1920களில் அந்த ஜனங்களை அப்புறப்படுத்தி, மேற்கே பாறையும் முள்ளுமாகக் கிடந்த கரோல்பாக் பக்கம் அனுப்பினார்கள். ஆகவே கரோல்பாகின் பழைய குடிகளே இன்னோர் இடத்திலிருந்து கிளப்பி விடப்பட்டவர்கள்தான். இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் கதை முழுவதிலும் இதே சங்கதி வேறு வேறு வேஷத்தில் திரும்பத் திரும்ப வரும்.

அந்தக் காலத்திலேயே அங்கே எழுந்த பெரிய ஸ்தாபனம் ஹக்கீம் அஜ்மல்கான் நிறுவிய ஆயுர்வேத, யுனானி திப்பியா கல்லூரி. 1921 பிப்ரவரி 13 அன்று காந்தியடிகள் அதைத் திறந்து வைத்தார். நாம் புடவையும் ஸ்வெட்டரும் பேரம் பேசி வாங்கிய அஜ்மல்கான் ரோடு அந்த ஹக்கீமின் பெயரைத் தாங்கியதுதான். ரேகர்புரா, பீடன்புரா, நாயிவாலா என்று தொழிலாளர்களும் கைவினைஞர்களும் வாழ்ந்த சந்துகள் அதைச் சுற்றி அமைந்தன. 1934-ல் பீகாரில் நடந்த பூகம்பத்தில் பூசா என்ற ஊரில் இருந்த வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இடிந்துபோக, 1936-ல் அதைத் தில்லிக்குக் கொண்டு வந்தார்கள். வரும்போது ஊர்ப் பெயரையும் கூடவே கொண்டு வந்தது. கரோல்பாகை ஒட்டிச் செல்லும் பூசா ரோடு அப்படி வந்த பெயர்.

கோடையில் சிம்லா, குளிரில் தில்லி

தமிழர்கள் இந்தப் படத்துக்குள் வந்தது சர்க்கார் உத்தியோகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு. வெள்ளைக்கார சர்க்கார் கோடையில் சிம்லாவுக்கும் குளிர்காலத்தில் தில்லிக்கும் பெட்டி படுக்கையோடு மாறிக்கொண்டிருந்தது. கோப்புகளோடு கிளார்க்குகளும் மலை ஏறி இறங்கினார்கள். சென்னை மாகாணத்தில் ஆங்கிலப் படிப்பும் டைப்ரைட்டிங், சுருக்கெழுத்தும் கற்றவர்களுக்கு அங்கே கிராக்கி இருந்தது. அன்றைக்கு அந்தப் படிப்பு யாருக்கு எளிதில் கிடைத்ததோ அவர்களே முதலில் வந்தார்கள். தஞ்சாவூர், திருநெல்வேலி, பாலக்காட்டுப் பிராமணக் குடும்பங்கள் தொடக்கக் காலத்தில் அதிகமாக இருந்ததற்குக் காரணம் இதுவே. இதை மறைக்கவும் வேண்டாம், பெருமையடித்துக்கொள்ளவும் வேண்டாம்.

1920களில் கோல் மார்க்கெட்டைச் சுற்றிச் சர்க்கார் குவார்ட்டர்ஸ் எழுந்தன. வட்டமான அந்த மார்க்கெட் கட்டடம் 1921-ல் கட்டப்பட்டது. வந்தவர்களுக்கு உடனே ஒரு கவலை: குழந்தைகளைத் தமிழ் படிக்க வைப்பது எப்படி? 1923-ல் மதராஸி கல்விக் கழகம் தோன்றியது. பின்னாளில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் என்று பெயர் மாறி, மந்திர் மார்க், பூசா ரோடு, லோதி எஸ்டேட், லக்ஷ்மிபாய் நகர், மோதிபாக், ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி என்று ஏழு பள்ளிகளை நடத்தும் அளவுக்கு வளர்ந்தது அதுதான். கவனிக்க வேண்டியது என்னவென்றால், சொந்த வீடு என்ற எண்ணமே வராத காலத்தில் நம்மவர்களுக்குப் பள்ளிக்கூடம் என்ற எண்ணம் வந்துவிட்டது.

1929-ல் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே ஓடத் தொடங்கிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ், 1930 முதல் தில்லிக்கும் சென்னைக்கும் இடையே ஓடியது. ஜி.டி. என்று செல்லமாக அழைக்கப்பட்ட அந்த வண்டிதான் ஊறுகாய் ஜாடியையும் அப்பளக் கட்டையும் புது மணப்பெண்களையும் வடக்கே கொண்டு வந்து சேர்த்தது.

குவார்ட்டர்ஸ் எல்லோருக்கும் கிடைக்காது. சீனியாரிட்டி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை குறைந்த வாடகையில், செக்ரடேரியட்டுக்குச் சைக்கிளில் போய் வரும் தூரத்தில் ஓர் இடம் தேவை. கரோல்பாகிலிருந்து சங்கர் ரோடு வழியாக ரிட்ஜ் காட்டைக் கடந்தால் நார்த் பிளாக். கணக்கு சரியாக வந்தது. பூகோளமும் பஞ்சப்படியும் சேர்ந்து தேர்ந்தெடுத்துக் கொடுத்த பேட்டை அது.

1947

தேசப் பிரிவினை கரோல்பாகைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது. 1947 செப்டம்பரில் கலவரம் மூண்ட பகுதிகளில் அதுவும் ஒன்று. அங்கிருந்த முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பாலோர் வெளியேறினார்கள். மேற்குப் பஞ்சாபிலிருந்தும் சிந்துவிலிருந்தும் அகதிகள் வந்து இறங்கினார்கள். 1941-ல் சுமார் 9 லட்சத்து 18 ஆயிரமாக இருந்த தில்லி ஜனத்தொகை 1951-ல் சுமார் 17 லட்சத்து 44 ஆயிரம். பத்தே வருஷத்தில் நகரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது. அஜ்மல்கான் ரோடு நடைபாதையில் துணி விரித்து விற்கத் தொடங்கியவர்கள் நாளடைவில் கடை போட்டார்கள், வீடு கட்டினார்கள், மாடி எழுப்பினார்கள். அந்த மாடிகளில் வாடகைக்கு வந்தவர்கள் நாம்.

என் தகப்பனார் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி லாயல்பூரிலிருந்து வந்தவர். எல்லோரும் பீஜி என்றுதான் கூப்பிடுவோம். மே மாதம் பள்ளி லீவு விட்டதும் ஜி.டி.க்கு நாங்கள் மூட்டை கட்டும்போது வாசலில் வந்து நின்றுகொள்வார். "நீங்கள் டிக்கெட் வாங்கினால் ஊருக்குப் போய்விடலாம். எனக்கு எந்த ஜன்னலில் டிக்கெட் கொடுப்பார்கள்?" என்று ஒரு வருஷம் கேட்டார். சின்னப் பையனான எனக்கு அப்போது அதன் அர்த்தம் புரியவில்லை. பிறகு 1977-ல் அந்த ஊரின் பெயரே பைசலாபாத் என்று மாறிவிட்டது. நாமும் ஊரை விட்டு வந்தவர்கள்தான். ஆனால் நமக்குப் பின்னால் கதவு திறந்தே இருந்தது. நாற்பது வருஷம் தில்லியில் இருந்தும் 'ரிடையர் ஆனால் ஊருக்குப் போய்விடலாம்' என்று நம் பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருந்ததற்கும், நிலம் மலிவாக இருந்தபோது வாங்காமல் விட்டதற்கும் அந்தத் திறந்த கதவு ஒரு காரணம். பீஜிக்குத் திரும்பும் வழி இல்லை. அதனால் அவர் வீடு கட்டினார்.

பர்சாத்தி நாட்கள்

1950, 60, 70கள் கரோல்பாகின் தமிழ்ப் பொற்காலம். 1962-ல் அமலுக்கு வந்த தில்லி மாஸ்டர் பிளான், குடியிருப்பு மனைகளில் இரண்டரை மாடி வரை கட்ட இடம் கொடுத்தது. அந்த 'அரை' என்பதுதான் பர்சாத்தி, அதாவது மொட்டை மாடியில் ஓர் அறை, ஒரு சின்னச் சமையல் மூலை, மீதி திறந்த வெளி. கல்யாணமாகாத பையன்கள் நாலு பேர் சேர்ந்து அதை எடுப்பார்கள். ஒருவனுக்குக் கல்யாணமானால் மற்ற மூவரும் வேறு மாடி தேடுவார்கள். மே, ஜூனில் அறைக்குள் படுக்க முடியாது. தண்ணீர் தெளித்து மொட்டை மாடியில் கயிற்றுக் கட்டில் போட்டால் அடுத்த மாடி மாமா தாயுமானவர் பாடுவதும், அதற்கடுத்த மாடியில் பஞ்சாபிச் சண்டையும் ஒருங்கே காதில் விழும். ஜனவரியில் அதே மாடியில் வெயில் காய்ந்தபடி பட்டாணி உரிப்பார்கள்.

'மதராஸிகள்' நல்ல குடித்தனக்காரர்கள் என்று பெயர். ஒன்றாம் தேதி வாடகை வந்துவிடும், சண்டை போட மாட்டார்கள், மாற்றல் வந்தால் காலி செய்துவிடுவார்கள். அந்த 'மதராஸி'க்குள் தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் எல்லோரும் அடக்கம். முதலில் எரிச்சல் தந்த அந்தப் பெயர், வீடு தேடும்போது மட்டும் உபயோகமாக இருந்தது!

திங்கட்கிழமை கடைகளுக்கு விடுமுறை. அன்றைக்குத்தான் நடைபாதைச் சந்தை. நம் பெண்கள் "பையா, டீக் லகாவ்" என்று ஹிந்தியைக் கற்றுக்கொண்டது பள்ளியில் அல்ல, அந்தச் சந்தையில். முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் எங்கே கிடைக்கும் என்ற செய்தி, கெஸட் அறிவிப்பைவிட வேகமாகப் பரவும். கன்னாட் பிளேஸ் போவதற்குப் பட்பட்டி. இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளை மாற்றிக் கட்டிய அந்த வண்டியில் போய் இறங்கினால், காது அடங்கப் பத்து நிமிஷம் ஆகும்.

குமாஸ்தாக்கள் மட்டுமே இருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். பூசா வளாகத்தில் அமைந்த தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் 1950 ஜனவரியில் திறக்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் கோதுமை ஆராய்ச்சி நடத்தினார். 1965-ல் கஸ்தூரிரங்கன் தொடங்கிய 'கணையாழி' தில்லியிலிருந்துதான் வெளிவந்தது. இந்திரா பார்த்தசாரதியும் ஆதவனும் தில்லித் தமிழனை நாவலுக்குள் கொண்டு போனார்கள். ஆகாசவாணியின் தமிழ்ச் செய்திகளைத் தமிழ்நாடு முழுக்கக் கேட்டது தில்லியிலிருந்து ஒலித்த சரோஜ் நாராயணசுவாமி போன்றோரின் குரலில்.

ஏன் வெளியேறினோம்?

இதற்குப் பலரும் சொல்லும் பதில், "கரோல்பாக் ஒரே கடையும் கூட்டமுமாகப் போய்விட்டது" என்பது. அது உண்மை. ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

1958-ம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடித்தனக்காரனுக்குப் பெரிய கவசம். குறிப்பிட்ட சில காரணங்கள் இருந்தாலொழிய அவனைக் காலி செய்யச் சொல்ல முடியாது, இஷ்டத்துக்கு வாடகையை உயர்த்தவும் முடியாது. 1975-ல் முதல் ஓட்டை விழுந்தது. சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் குவார்ட்டர்ஸில் இருந்த சர்க்கார் ஊழியர்களை அதைக் காலி செய்யச் சொன்னது அரசு. அப்படிச் சொல்லப்பட்டவர் தன் வீட்டை உடனே திரும்பப் பெறலாம் என்று 1975 டிசம்பர் 1 முதல் 14ஏ என்ற பிரிவு சட்டத்தில் சேர்ந்தது. நெருக்கடி நிலைக் காலம் வேறு. தலைநகர் முழுக்கப் பல குடித்தனங்கள் மூட்டை கட்டின. 1988 டிசம்பரில் வந்த திருத்தம், மாதம் 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகைகளைச் சட்டத்தின் பாதுகாப்பிலிருந்தே விலக்கியது. மற்ற வாடகைகளையும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் உயர்த்த இடம் கொடுத்தது.

இதற்கிடையே வேறு கதவுகள் திறந்தன. 1960களில் ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸ் எழுந்தது. 1946-ல் பிறந்த தில்லித் தமிழ்ச் சங்கமும் அங்கேயே கட்டடம் கண்டது. 1973-ல் குன்றின் மேல் உத்தர சுவாமிமலைக்குக் கும்பாபிஷேகம் நடந்து, தமிழர் வாழ்வின் மையம் தெற்கே நகர்ந்தது. 1979-ல் தில்லி வளர்ச்சி ஆணையத்தின் புதிய வீட்டுப் பதிவுத் திட்டத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர் பதிந்தார்கள். சீட்டு விழுந்தவர்களும் கூட்டுறவு வீட்டுச் சங்கங்களில் சேர்ந்தவர்களும் 1980கள் தொட்டு யமுனைக்கு அக்கரையில் மயூர் விஹார், பட்பர்கஞ்ச் என்று குடியேறினார்கள். அறுபது வருஷமாக வாடகை கொடுத்துவந்த சமூகம் முதல் முறையாகத் தில்லியில் சொத்து வரி கட்டத் தொடங்கியது. 'ஊருக்குப் போய்விடலாம்' என்ற பேச்சும் அதோடு மெல்ல மெல்ல அடங்கியது.

கரோல்பாகும் நம்மை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. பாங்க் ஸ்ட்ரீட்டில் நகைக்கடைகள், கஃபார் மார்க்கெட்டில் செல்போன், மற்ற சந்துகளில் ஓட்டல்கள், லாட்ஜுகள். 2005 டிசம்பர் 31 அன்று மெட்ரோ ரயில் வந்தது. 2006-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி குடியிருப்புகளில் நடந்த கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். அதே வருஷம் பல தெருக்களைக் கலப்பு உபயோகத்துக்கு உரியவை என்று அறிவிக்கவும் செய்தார்கள். 2008 செப்டம்பர் 13 அன்று குண்டு வெடித்த இடங்களில் கஃபார் மார்க்கெட்டும் ஒன்று. பர்சாத்தி வீடுகள் இடிக்கப்பட்டு, தூண்களின் மேல் நிற்கும் நாலு மாடி 'பில்டர் ஃப்ளோர்'கள் வந்தன. பீஜியின் வீடு இருந்த இடத்தில் இன்று லிஃப்ட் வைத்த கட்டடம். மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு.

இன்றைக்கு யார் வருகிறார்கள்?

கரோல்பாகில் தமிழ்க் குரல் அடியோடு நின்றுவிட்டதா? இல்லை. பக்கத்தில் ஓல்டு ராஜிந்தர் நகரில் சிவில் சர்வீஸ் பயிற்சி மையங்கள் நிறைந்திருக்கின்றன. மதுரையிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் பிள்ளைகள் வந்து ஒரு கட்டில் போடும் அறைக்குக் கேட்ட வாடகையைக் கொடுத்துப் படிக்கிறார்கள். 1958 சட்டத்தின் கவசம் இவர்களில் அநேகமாக யாருக்கும் இல்லை. 2024 ஜூலை 27 அன்று அங்கே ஒரு பயிற்சி மையத்தின் அடித்தளத்தில் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். நம் தாத்தாக்கள் மொட்டை மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். இந்தப் பிள்ளைகள் நிலத்துக்குக் கீழே இறங்கிப் படிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு தமிழ்ப் பேட்டையையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் மலர்களில் அதற்கு அதிகம் இடம் கிடைத்ததில்லை. ஜங்புரா பக்கம் பாராபுல்லா கால்வாய்க் கரையில் 'மதராஸி கேம்ப்' என்ற குடிசைப் பகுதி இருந்தது. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்த தமிழ்க் குடும்பங்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே வாழ்ந்தன. நிஜாமுதீன், ஜங்புரா வீடுகளில் பாத்திரம் தேய்த்துச் சமைத்த பெண்கள் பலரும் அங்கிருந்து வந்தவர்கள். கால்வாயின் நீரோட்டத்துக்குத் தடை என்று தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட, 2025 ஜூன் 1 அன்று அது இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில் மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை 189. அந்த மாற்று வீடுகளும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளி நரேலாவில்.

கரோல்பாக் குமாஸ்தாவிடம் வாடகை ரசீது இருந்தது, ரேஷன் கார்டு இருந்தது, பென்ஷன் இருந்தது. காலி செய்யச் சொன்னால் வேறு மாடிக்குப் போனார். கால்வாய்க் கரைக்காரருக்குக் காகிதம் ஒன்று குறைந்தால் வீடே இல்லை. இரண்டு பேருமே தில்லிக்காரர் வாயில் 'மதராஸி'தான். ஆனால் ஒருவர் கதையைத்தான் நாம் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்த இரண்டு கதைகளும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. மதராஸி கேம்ப் குழந்தைகள் பலர் படித்தது லோதி எஸ்டேட்டில் உள்ள தமிழ்ப் பள்ளியில். நரேலாவுக்கு அனுப்பினால் பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்பதே தாய்மார்கள் முதலில் கேட்ட கேள்வியாக இருந்தது. 1923-ல் சிம்லாவுக்கும் தில்லிக்கும் அலைந்த கிளார்க்குகள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஏற்பாடு, நூறு வருஷம் கழித்து வீட்டு வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்குப் பயன்படுகிறது. நம்மில் வசதி வந்தவர்கள் பெரும்பாலும் குழந்தைகளை வேறு பள்ளிகளுக்கு அனுப்புகிறோம். அது அவரவர் இஷ்டம். ஆனால் நம் முன்னோர் இந்த நகரத்தில் விட்டுச் சென்ற ஒரே பெரிய சொத்து அந்தப் பள்ளிகள்தான். யார் பிள்ளை படித்தாலும் அதைக் காப்பாற்றும் பொறுப்பு நம்முடையது.

கன்னாட் பிளேஸில் மெட்ராஸ் ஓட்டல் 2000களின் நடுவில் மூடப்பட்டது. அதற்குப் பிறகும் பஸ் கண்டக்டர்கள் "மதராஸ் ஓட்டல்!" என்று கூவி ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கரோல்பாகில் நம் பெயரைச் சொல்ல அப்படி ஒரு பஸ் நிறுத்தம்கூட இல்லை. வீடு வாங்கியவருக்குப் பத்திரம் இருக்கும், சந்ததிக்குப் போகும். வாடகைக்கு இருந்தவருக்கு மிஞ்சுவது கசங்கிய ரசீதும் ரேஷன் கார்டும் மொட்டை மாடியில் எடுத்த குரூப் போட்டோவும்தான். அவற்றைப் பழைய டிரங்குப் பெட்டியோடு கபாடிவாலாவிடம் போட்டுவிடாதீர்கள். பின்னால் தெருப் பெயரையும் வருஷத்தையும் எழுதிச் சங்கத்தில் ஒப்படையுங்கள். வீட்டில் எண்பது வயதைக் கடந்தவர் இருந்தால் இந்தப் பொங்கலுக்குள் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, "எந்தத் தெருவிலே இருந்தீங்க? வீட்டுக்காரர் யார்? வாடகை எவ்வளவு?" என்று கேட்டு எழுதி வையுங்கள். மதராஸி கேம்பிலிருந்து போனவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால், அவர்களிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள்.